பாடாத தோடி, வாசிக்காத பியானோ

என் ஆபீஸ் மேஜையின் மேல் டிராயரில், ஸ்டேப்ளருக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் தாள் இருக்கிறது. வெளிர் மஞ்சள் நிறம். ஜெர்மன் மொழியில் நாலே நாலு வரி அச்சடித்திருக்கிறது. நடுவில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை, சரியாக ஒரு தட்டையின் அளவு. கறை ஊறிய இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். வியன்னாவில் ஒரு கச்சேரி மண்டபத்தின் கீழ்த்தளத்தில், வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் இடத்துக்கு எதிரே கிடந்த பெஞ்சிலிருந்து இதைப் பொறுக்கினேன். அந்த ஊருக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சாக்லேட் வாங்குவார்கள், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மை வாங்குவார்கள், சாவி கொடுத்தால் பாடும் சின்னப் பெட்டி வாங்குவார்கள். பதினான்கு தடவை போய்வந்த நான் எடுத்துவந்தது இது ஒன்றுதான். இதைவிடப் பிடித்த பொருள் என்னிடம் வேறு கிடையாது.

இது ஒரு மனிதரைப் பற்றிய நினைவு. மைலாப்பூரில் அவரை விமர்சகர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நேரில் மாமா என்பார்கள், நகர்ந்ததும் விமர்சகர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். ஒருவரை நினைத்து எழுத உட்கார்ந்தால் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். அவர் சந்தன நிறத்தில் ஜிப்பா போடுவார், ஜவ்வாது மணக்கும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நல்லது அவ்வளவுதான் ஞாபகத்துக்கு வருகிறது. மற்றபடி இருபத்திரண்டு வருஷம் நான் அவரை வெறுத்தேன். சமைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, பெண்ணுக்குத் தலை பின்னும்போதெல்லாம் விடாமல் வெறுத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. மார்கழி சீசனில் ஒரு சபாவில் மத்தியானம் இரண்டு மணிக் கச்சேரி கிடைத்திருந்தது. மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீனில் சாப்பிட்ட களைப்புக்கு ஏ.சி. தேடி வருகிறவர்கள். ஆனால் புதிதாகப் பாட வருகிறவர்களுக்கு அதுதான் வாசல். பேப்பரில் நல்லபடியாக நாலு வரி வந்தால் அடுத்த வருஷம் நாலு மணிக் கச்சேரி, பிறகு சாயங்காலக் கச்சேரி என்று ஏறிக்கொண்டே போகலாம். மோசமாக நாலு வரி வந்தால் மத்தியானமும் போய்விடும். பாடப் போகும் பாட்டுகளின் பட்டியலை ஒரு வாரம் முன்பே சபாவில் கொடுத்துவிட வேண்டும். அதை நகலெடுத்து வாசல் மேஜையில் வைப்பார்கள். என் பட்டியலில் பிரதான ராகம் தோடி. ஆறு மாதமாக எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

அன்றைக்கு எனக்கு முன்னால் பாடியவர் தோடியை எடுத்து முக்கால் மணி நேரம் பாடித் தீர்த்துவிட்டார். ஒரே மேடையில் ஒருவர் பாடிய ராகத்தை அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வதில்லை. எழுதி வைக்காத வழக்கம் அது. எனக்கு வயலின் வாசிக்க வந்திருந்த பெரியவர், தோடியை விட்டுவிட்டு வேறு பார்க்கச் சொன்னார். திரை தூக்கப் பத்து நிமிஷம் இருந்தது. வேறொரு ராகத்துக்கு மாறினேன். உள்ளங்கை ஈரமாகிவிட்டது, தொடையில் தாளம் போடும்போது புடவையில் கறை தெரிந்தது. ஆனால் பாடினேன். எப்படிப் பாடினேன் என்றால், எங்கள் கச்சேரிகளில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்த உடனே ஜனங்கள் எழுந்து கேன்டீனுக்கு நடையைக் கட்டுவார்கள், அன்று ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்து போன ஒரே ஆள் விமர்சகர். அவரும் அப்போது போகவில்லை. முதல் பாட்டு முடிந்த உடனே போனார். போகிற வழியில் வாசல் மேஜையிலிருந்து பட்டியல் ஒன்றை எடுத்து மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டதை, உள்ளே உட்காரத் தைரியம் இல்லாமல் வாசலில் நின்ற என் அப்பா பார்த்தார். அடை அவியல் வாங்கி ஓரத்து மேஜையில் உட்கார்ந்ததையும் பார்த்தார்.

நாலாம் நாள் பேப்பரில் வந்தது. தோடியில் காந்தார ஸ்வரம் நிலைகொள்ளாமல் தடுமாறியது, பாடகிக்கு இன்னும் பல்லாண்டு உழைப்பு தேவை என்று எழுதியிருந்தார். அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, நீ தோடி பாடவே இல்லையே என்று என்னைக் கேட்டாள். பேப்பருக்குக் கடிதம் போட்டோம், பதில் இல்லை. பிறகு அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மாட வீதிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், கேட்டுக்கு வெளியே நின்றேன். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கை கட்டிக்கொண்டு, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லக்கூடப் பயந்து, ஏதோ மாறிப்போயிருக்கிறது, என் பெண் அன்றைக்குத் தோடி பாடவில்லை என்றார். விமர்சகர் ஈஸிசேரை விட்டு எழுந்திருக்கவில்லை. சிரித்தார்.

“அதைத்தானே ஸ்வாமி நானும் எழுதியிருக்கேன், அது தோடியாவே இல்லைன்னு” என்றார்.

உள்ளே இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெரிய மனிதர் ஹாஸ்யம் சொன்னால் சிரிக்க வேண்டும் என்று பழகிய மனிதர், தன் பெண்ணின் தலையில் விழுந்த ஹாஸ்யத்துக்கும் சிரித்துவிட்டு வந்து, திரும்பும் வழி முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அந்த வாக்கியம் அந்த வாரமே மைலாப்பூர் முழுவதும் சுற்றியது. சபா கேன்டீன்களில், கோவில் குளக்கரையில், கல்யாண வீட்டுப் பந்தியில், ‘தோடியாவே இல்லாத தோடி’ என்றால் நான்தான். அடுத்த வருஷம் இரண்டு சபாக்களில் தேதி இல்லை என்றார்கள். அதற்கடுத்த வருஷம் நானே கேட்கவில்லை. தம்புராவை உறை போட்டு அலமாரி மேலே ஏற்றினேன். பாண்டி பஜாரில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் டிக்கெட் போடும் வேலை கிடைத்தது. அப்பா போன பிறகு அவருடைய பீரோவில் அந்தப் பேப்பர் துண்டு இருந்தது. தோடி என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

டிக்கெட் போட ஆரம்பித்தவள் மெல்ல மெல்ல ஐரோப்பா டூர் மேனேஜர் ஆனேன். எங்கள் கம்பெனியின் பெருமையே கூடவே ஒரு சமையல்காரர் வருவதுதான். மைலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வருகிறவர்கள் ஆல்ப்ஸ் மலையைப் பார்க்காமல்கூட இருந்துவிடுவார்கள், மத்தியானம் ரசம் இல்லாமல் இருக்க மாட்டார்கள். போன வருஷம் மே மாத டூருக்கு இருபத்தாறு பேர் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. ஒன்பதாவது பெயர் விமர்சகருடையது. வேறு மேனேஜரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏர்போர்ட்டில் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கும்போது என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. என் முகம், பெயர், எதுவும் இல்லை. நடிக்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை, நிஜமாகவே இல்லை. ஒரு மனிதர் என் வாழ்க்கையைத் திருப்பி வைத்துவிட்டு அதைக் குறித்துக்கூட வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

வியன்னாவில் மூன்று நாள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த ஊர் தன் சங்கீதத்தை நடைபாதை வரைக்கும் கொண்டுவந்து வைத்திருக்கிறது. காது கேட்காமல் போன மகாமேதை குடியிருந்த வீடு என்று ஒன்றுக்கு மூன்றாகக் காட்டுவார்கள். மனிதர் வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டு மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். இசை எழுதியவர்களுக்கென்று கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை, அங்கே யாரோ தினமும் பூ வைக்கிறார்கள். மஞ்சள் சுவர் அரண்மனை, குதிரை வண்டி, மேஜைக்கு ஒரு பேப்பர் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம் என்கிற காபிக்கடை. விமர்சகர் ஒரு மாதப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் பாதி இடங்களில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. முழங்கால் வலி என்பார். மற்றவர்கள் திரும்பி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்றும் கேட்க மாட்டார். கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருந்தது, அதிலிருந்து நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு நாள் கல்லறைத் தோட்டத்து வாசலில் பஸ்ஸுக்குள் அவரும் நானும் மட்டும் இருந்தோம். உனக்கு சங்கீதமெல்லாம் தெரியுமா என்று கேட்டார். கொஞ்சம் கேட்பேன் மாமா என்றேன். கேட்கத் தெரிந்தால் போதும், பாடுகிறேன் என்று கிளம்பாமல் இருந்தாயே, அதுவே பெரிய உபகாரம் என்றார். நான் அவருக்கு ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக் கச்சேரிக்கு எல்லோருக்கும் இடம் வாங்கியிருந்தது. போகிற வழியில் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து விதிகளைச் சொன்னேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். செல்போனை அணைக்க வேண்டும். இடைவேளையில் மூன்று தடவை மணி அடிக்கும், மூன்றாவது மணிக்குள் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், வாசிக்க ஆரம்பித்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள், முடிகிற வரைக்கும் யார் வந்தாலும் திறக்க மாட்டார்கள். இதையெல்லாம் நான் சொல்லும்போது விமர்சகர் முதல் சீட்டில், காலையில் சாப்பிட்ட பொங்கலுக்கு மரியாதை செய்து தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரை எழுப்பித் தனியாகச் சொல்வது மேனேஜரின் வேலை. நான் அந்த வேலையைச் செய்யவில்லை. மண்டபத்து வாசலில் எல்லோர் கையிலும் இந்த மஞ்சள் துண்டுத் தாளைக் கொடுத்தார்கள். அவர் முந்தின நாளே ஹோட்டலில் இங்கிலீஷில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் வாங்கி வைத்திருந்ததால் இதைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார். போய்ப் போய் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்கு ஜெர்மன் வந்திருந்தது. படித்தேன். வயதான ஒரு பியானோ கலைஞர் இடைவேளைக்குப் பிறகு வாசிப்பதாக இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை. பதிலாகப் பியானோ இல்லாத ஒரு சிம்பொனி வாசிப்பார்கள். அவ்வளவுதான் அந்த நாலு வரி.

இடைவேளை விட்டதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கேன்டீன் எங்கே என்பது. அந்த ஒரு கேள்வியில் இருபத்தொரு வருஷமும் என் கண் முன்னால் வந்து நின்றன. மாடிப்படி இறங்கி அவரைக் கீழ்த்தளத்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். சமையல்காரர் கட்டிக் கொடுத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு தட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பையைத் துழாவி, இந்த மஞ்சள் தாளை எடுத்துப் பெஞ்சின் மேல் விரித்து, தட்டையை அதன்மேல் வைத்தார். முதல் மணி அடித்தது. அவர் நிமிரவில்லை. இரண்டாவது மணி அடித்தது. உள்ளே கூப்பிடுகிறார்களோ என்று கேட்டார்.

“நிதானமா சாப்பிடுங்கோ மாமா. நம்ம ஊர் மாதிரிதான், எப்ப வேணா உள்ள போலாம்” என்றேன்.

என் வாழ்க்கையில் நான் திட்டம் போட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். மூன்றாவது மணிக்குள் மேலே ஏறி என் இடத்தில் உட்கார்ந்தேன். கதவுகள் சாத்தப்பட்டன. பக்கத்தில் நகைக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் கடை வைத்திருப்பவர். இந்தச் சங்கீதம் எல்லாம் தனக்கு ஒன்றும் புரியாது என்று தினம் நாலு தடவை சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும்விட உன்னிப்பாகப் பார்க்கிற மனிதர். பியானோ என்று போட்டிருந்ததே, எங்கே காணோம் என்று என் காதில் கேட்டார். மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். பிறகு ஐம்பது நிமிஷம் வாசித்தார்கள். சபா வாசல் மிதிப்பதை நிறுத்திய பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தச் சங்கீதத்தையும் கேட்டதில்லை. வெளியே அவர் கதவின் முன்னால் நிற்பதை நினைக்க நினைக்க வயலின்கள் இன்னும் நன்றாக இருந்தன.

அவ்வளவோடு அது முடிந்திருக்கும். சின்னப் பழிதான், அதுவே எனக்குப் போதுமென்று இருந்தேன். ஆனால் முடிந்து எல்லோரும் படியிறங்கியபோது, விமர்சகர் திருப்பத்தில் காத்திருந்து, கூட்டத்தோடு கலந்து, தானும் உள்ளேயிருந்து வருகிறவர் மாதிரி எங்களோடு இறங்கினார். பிரமாதம், பிரமாதம் என்று தலையை ஆட்டினார். கதவைச் சாத்திவிட்டார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொண்டிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். அவர்களெல்லாம் கோட்டு வாங்க வரிசையில் நிற்கும்போது நான் பெஞ்சுக்குப் போனேன். தாள் அங்கேயே கிடந்தது. ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. மடிக்காமல் பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை வந்தது. அடையாறு பஸ்ஸுக்காக நின்றுகொண்டே படித்தேன். ஒரு முழுப் பக்கம் அந்தப் பியானோவுக்குக் கொடுத்திருந்தார். வயோதிகத்தில் கனிந்த விரல்கள், கட்டைகளின் மேல் மழைத்துளியாய் இறங்கியது, கடைசிப் பகுதியில் மட்டும் இடது கை சற்றே தளர்ந்தது, வயதின் குற்றமேயன்றிக் கலையின் குற்றமன்று. இடது கை தளர்ந்தது என்ற வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. இரண்டு பஸ்ஸை விட்டேன்.

பத்திரிகைக்கு நான் எழுதவில்லை. கடிதங்கள் எங்கே போகும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். காத்திருந்தேன். கட்டுரைகள் புத்தகமாகப் போகின்றன என்று அவரே போன் செய்தார். அந்த ஊர்ப் பெயர்களெல்லாம் வாயில் நுழையவில்லை, உனக்குத்தான் சரியாகத் தெரியும், அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு பார்வை பார்த்துக் கொடு அம்மா என்றார். கட்டு வந்தது. தெருப் பெயர்களைத் திருத்தினேன், அரண்மனையின் பெயரைத் திருத்தினேன், சாம்பார் சாதத்தை எந்த ஊரில் சாப்பிட்டோம் என்பதைக்கூடத் திருத்தினேன். பியானோப் பக்கத்தில் ஒரே ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் போட்டேன். முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார். நுணுக்கமான கண் என்று எழுதியிருந்தார்.

வெளியீடு லஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில், ஒரு சாயங்காலம். கேசரி, போண்டா, காபி. சபா செயலாளர்கள், இரண்டு வித்வான்கள், ரிட்டயரான பேராசிரியர்கள் என்று நாற்காலி நிறைந்திருந்தது. கூட வந்தவர்களில் யாரையாவது அழைக்கலாமா என்று கேட்டு அண்ணாச்சியை நான்தான் கூப்பிட்டிருந்தேன். எனக்கும் அவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர் வியன்னாப் பகுதியைப் படியுங்களேன் என்று கேட்டுக்கொள்ள, விமர்சகர் பியானோப் பக்கத்தைப் படித்தார். நன்றாகப் படித்தார், மழைத்துளி வரும் இடத்தில் கையைக்கூட அசைத்தார். நான் அண்ணாச்சியிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

படித்து முடித்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றார். “ஐயா தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அன்னைக்கு நானும்லா அங்க இருந்தேன். மேடையில பியானோவே கிடையாதே. பூராவும் பிடில்தான வாசிச்சாவ” என்றார்.

விமர்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உமக்கு ஞாபகம் பிசகியிருக்கும், இதெல்லாம் கேட்டுப் பழகினவர்களுக்குத்தான் பிடிபடும் என்றார். சபையில் லேசாகச் சிரிப்பு. அண்ணாச்சி, அப்பா மாதிரியே, தானும் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு நான் தானாக எழுந்துவிட்டேன். மைக்கை வாங்கினேன். கைப்பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து, முதலில் ஜெர்மனில், பிறகு தமிழில் வாசித்தேன். எண்ணெய்க் கறையைக் காட்டி, இது மாமா அன்றைக்குச் சாப்பிட்ட தட்டை, வாசிப்பு நடந்த ஐம்பது நிமிஷமும் அவர் கீழே பெஞ்சில் இருந்தார் என்றேன். அவரை அங்கே உட்கார வைத்தது நான் என்பதைச் சொல்லவில்லை.

“மாமா எழுதினது ஒண்ணும் தப்பில்லை. அவர் கேட்டது பியானோவாவே இல்லை” என்றேன். “இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மத்தியானக் கச்சேரியில தோடி கேட்டாரே, அது மாதிரிதான். அன்னிக்குப் பாடினவ நான். நான் தோடி பாடலை.”

அந்த ஹாலில் பழைய ஆட்கள் இருந்தார்கள். தோடியாவே இல்லாத தோடி அவர்களில் பலருக்கு ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் அவர்கள். முதலில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு நடுவில். ஒரு வித்வான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். விமர்சகர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என்னைத் தேடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். காபி ஆறிப்போகும் வரைக்கும் யாரும் புத்தகம் இருந்த மேஜைப் பக்கம் போகவில்லை. மறுநாள் எங்கள் டூர் வாட்ஸப் குழுவில் அண்ணாச்சி ஒரு பிடில் படம் போட்டிருந்தார். நான் அன்று வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பத்துப் பேர் நடுவில் ஒரு கிழவரைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் வாட்ச்மேன் மாடிக்கு வந்தார். “மேடம், ஒரு பெரியவரு வந்துகீறாரு. படி ஏற முடியலியாம், கீழயே குந்திகினு கீறாரு” என்றார். இறங்கிப் போனேன். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டூலில் விமர்சகர் உட்கார்ந்திருந்தார். ஜவ்வாது வாசனை இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, அப்பாவைப் பற்றிக் கேட்டார். போய் ஏழு வருஷம் ஆயிற்று என்றேன். தலையை ஆட்டினார். நீ பாடின முதல் பாட்டு எனக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது, நன்றாகத்தான் இருந்தது என்றார். பின்னே ஏன் என்று கேட்டேன். எனக்கு அதற்கு மட்டும் பதில் வேண்டியிருந்தது.

“நன்னா இருந்ததுன்னு மட்டும் எழுதினா உள்ள உக்காந்து கேட்ட மாதிரி இருக்காதும்மா. ஒரு குறை சொன்னாத்தான் கேட்ட மாதிரி இருக்கும்” என்றார்.

பியானோக்காரரின் இடது கை ஏன் தளர்ந்தது என்று அப்போது புரிந்தது. என் காந்தாரமும் அதற்காகத்தான் தடுமாறியிருக்கிறது. அவருக்கு என்மேல் கோபம் இல்லை, போட்டி இல்லை, யாருக்காகவோ என்னை ஒதுக்கவும் இல்லை. அடை அவியல் சாப்பிட்டதை மறைக்க ஒரு குறை தேவைப்பட்டது, பட்டியலில் தோடி என்று இருந்தது. பகை என்றாவது இருந்திருந்தால் எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். அந்த ஸ்டூலின் முன்னால் நின்றுகொண்டு, இருபத்திரண்டு வருஷத்தில் எந்த நாளையும்விட அதிகமாக நான் அவரை வெறுத்தேன். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, போவதற்கு முன்னால், எதற்காக வந்தாரோ அதைக் கேட்டார்.

“அன்னிக்கு என்ன ராகம் பாடினே? ரெண்டு நாளா தூக்கம் வரலை. பேரை மட்டும் சொல்லேன்.”

“சொல்ல மாட்டேன் மாமா” என்றேன்.

நாலு ஸ்வரமாவது முனகிக் காட்டு, நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்றார். முடியாது என்றேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு தடவை போன் வந்தது, இரண்டு தடவையும் அதே கேள்வி. வேறு யாரிடமும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அன்று வயலின் வாசித்தவர் காலமாகிவிட்டார். மிருதங்கக்காரர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார், காலையில் என்ன சாப்பிட்டார் என்பதே அவருக்கு மறந்துபோகிறது என்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியும், அம்மாவிடம் கேட்க அவருக்கு முகம் இல்லை. சபாவில் இருக்கிற பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதில் தோடி என்றுதான் இருக்கும்.

டிராயரைத் திறந்து இந்தத் தாளை இப்போது மேஜை மேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் அப்பா வட்டம் போட்ட பேப்பர் துண்டு. எண்ணெய் இன்னும் லேசாக மணக்கிறது. அலமாரி மேலிருந்து தம்புராவை இறக்கிவிட்டேன். காலையில் பெண் காலேஜுக்குப் போன பிறகு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்த ராகத்தைப் பாடுகிறேன். தேய்ந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. இவ்வளவு எழுதியும் அதன் பெயரை நான் ஓர் இடத்திலும் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மறந்துபோய் விட்டதில்லை. எழுதினால் அவர் படிப்பார். அச்சில் வருவதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. இதையும் ஒரு வரி விடாமல், கடைசி வரைக்கும் தேடிப் படித்திருப்பார்.

இல்லை மாமா, இங்கேயும் இல்லை.